பச்சை நூல், இரண்டு முடிச்சு

என் அண்ணன் ஜர்வானின் மனைவி வத்ஃபாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற பார்லிப் பண்ணையின் பெரிய நோட்டில் பாதி அவள் சொல்லி எழுதியது. மீதிப் பாதியை இஞ்சினியர் ஹைஸம் தானாக எழுதினார். அதில் அடித்தல் திருத்தல் அதிகம்.

அண்ணிக்கு முப்பத்திரண்டு வயது. உயரம். முகத்தைத் துணியால் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு வயலில் நடந்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அண்ணன் லெபனானில் கான்கிரீட் போடுகிறான். பெருநாளுக்குப் பெருநாள் வருவான். வரும்போது ஒரு போர்வை, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடுவதாக ஒரு வாக்கு, மூன்றும் கொண்டுவருவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரில் பேசாத வாய் இல்லை. அவள் வாய் மட்டும் பேசாது.

பண்ணையில் பெண்களுக்கெல்லாம் பருவத்து வேலைதான். களை எடுக்க, அறுக்க, விதை பொறுக்க. வேலை முடிந்தால் ஆள் ஏற்றிப்போக லாரி வராது. மீதி மாதங்களில் அண்ணி அடுத்தவர் வீட்டு மெத்தைக் கம்பளியைப் பிரித்து அடித்துத் துவைத்துக் கொடுப்பாள். குளிரில் அந்தத் தண்ணீரில் கைவைத்து வைத்து அவள் விரல் முட்டியெல்லாம் வெடித்திருக்கும். அந்த வருடம், கணக்கெடுக்க ஒரு பெண்ணை ஆண்டு முழுவதற்குமாக நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்போவதாக டாக்டர் லமீஸ் சொல்லியிருந்தார். அவர் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் பெரிய விஞ்ஞானி. அண்ணியைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்கு அந்த வேலை வேண்டும். கேட்கமாட்டாள். ஆனால் வேண்டும்.

அவள் வேலை என்னவென்றால், எந்த வரிசை எந்த நாளில் கதிர் தள்ளியது என்று சொல்வது. கேட்க எளிது. கதிர் ஒரே நாளில் எட்டிப் பார்க்காது. முதலில் பொதி கட்டும். தண்டின் கழுத்து பாம்பு எலியை விழுங்கியது போல வீங்கும். பிறகு மீசை நுனி வெளியே வரும். ஒரு வரிசையில் பாதிச் செடிகளுக்கு மீசை நகக்கண் அளவு வந்துவிட்டால் அதுதான் அந்த வரிசையின் நாள். ஒரு நாள் முன்னே சொன்னாலும் தப்பு, பின்னே சொன்னாலும் தப்பு. இஞ்சினியர் அவளிடம் அட்டையும் பேனாவும் கொடுத்தார். அவள் இரண்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்த கம்பளி நூலை ஒரு பையில் கொண்டுவந்தாள். சனிக்கு வெள்ளை, ஞாயிறுக்குச் சிவப்பு, திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்குப் பச்சை, அப்படியே ஏழு. மாதத்தின் முதல் வாரமென்றால் ஒரு முடிச்சு, இரண்டாம் வாரமென்றால் இரண்டு. வரிசையின் முளைக்குச்சியில் கட்டிவிடுவாள். இஞ்சினியர் குச்சி குச்சியாகப் பார்த்துத் தேதி எழுதிக்கொள்வார்.

அந்தப் பச்சை என் பள்ளிக்கூட ஸ்வெட்டர். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுக்குப் போகும் மணியை இரண்டு மணி நேரம் முன்னால் அடித்தேன். பள்ளிக்கூடம் முழுக்க வீட்டுக்குப் போய்விட்டது, மூன்று ஆசிரியர்கள் உட்பட. அதற்குப் பிறகு எனக்கு அந்த ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. பண்ணைப் பெண்களில் நானும் ஒருத்தியாகிவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் விதைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணி கணக்கெடுத்த இந்த நூறு வரிசையை மட்டும் வேண்டுமென்றே குளிரெல்லாம் போனபின், மார்ச் நடுவில் விதைத்தார்கள். ஏனென்று கேட்டதற்கு இஞ்சினியர் தேநீர் நேரத்தில் விளக்கினார்.

"நம்ம கறுப்பு பார்லி இருக்கே, அதுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. ஆறு வாரம், ஏழு வாரம் குளிர் பட்டாத்தான் அது திறக்கும். திறக்காம கதிர் வராது. அவசரப்பட்டு முன்னாலயே கதிர் விட்டா பனியில கருகிடும்ல. அதனால குளிர் வந்து போச்சான்னு எண்ணிக்கிட்டே படுத்துக் கிடக்கும். கடலோரத்து பார்லிக்கு அந்தப் பூட்டு கிடையாது. அங்க பனி ஏது? அது எப்ப விதைச்சாலும் எழுந்து வந்துடும்."

"எங்க அண்ணன் கறுப்பு பார்லி, உஸ்தாத்" என்றேன். இஞ்சினியரை நாங்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். "ஏழு வாரம் பச்சைத் தண்ணி ஊத்தினாத்தான் எழுந்திரிப்பான்."

"நீ கடலோரம்" என்றாள் அண்ணி. "யாரும் கூப்பிடாமயே தலைய நீட்டுவே."

பெண்களெல்லாம் சிரித்தார்கள். இஞ்சினியர் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. மே மாதம் பிறந்ததும் கடலோரத்து வரிசைகள் முழங்கால் உயரம் எழுந்து பொதி கட்டின. பல ஊர்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகச் சேகரித்து விதைத்த கறுப்பு பார்லி, தரையோடு படர்ந்து புல்லாகவே கிடந்தது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்து எடுத்த பேரப்பிள்ளை வரிசைகளும் இருந்தன. அவற்றில் சிலது எழுந்தது, சிலது படுத்துக்கொண்டது. டாக்டர் லமீஸ் வந்த நாளில் அண்ணி அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டாக்டரம்மா, இந்தக் கலப்பு வரிசையில நாலு பேர் இருந்தா ஒருத்தர் தூங்குறாங்க. எந்த வரிசையில எண்ணினாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருது."

"யாரு உங்கள எண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மன்னிச்சுக்குங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத எண்ணிப் பாக்க எனக்கு அஞ்சு வருஷம் படிக்க வேண்டியிருந்தது" என்றார். நிரந்தர வேலைப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மே முதல் வாரத்துத் திங்கள்கிழமை. இருபதாம் வரிசையும் இருபத்தொன்றும் கறுப்பு பார்லி. கோரைப்பாய் மாதிரிப் படுத்துக் கிடந்தன. அவற்றின் குச்சிகளில் மஞ்சள் நூலைக் கட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இஞ்சினியர் வந்தார், நூலைப் பார்த்தார், மண்டியிட்டார். ஒவ்வொரு இலையாக விலக்கி, கோழி முட்டையைத் தேடுவதுபோலத் தேடினார். பதினைந்து நிமிடம். பிறகு எழுந்து, "வத்ஃபாக்கா" என்று கத்தினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி வந்து இரண்டு நூலையும் அவிழ்த்துப் பையில் போட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இஞ்சினியரும் கடைசியில் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் இஞ்சினியருக்குக் குழந்தை பிறந்தது. அவர் மனைவியைப் பார்க்க அலெப்போவுக்குப் போய்விட்டார். மற்றப் பெண்கள் வேறு மூலையில் அறுப்பில் இருந்தார்கள். நூறு வரிசைக்கு அண்ணியும் நானும்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணி எழுபத்து மூன்றாம் வரிசையில் குனிந்தாள், நிமிர்ந்தாள், திரும்பக் குனிந்தாள். பிறகு பச்சை நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுக் குச்சியில் கட்டினாள். எழுபத்து மூன்று சுத்தக் கறுப்பு பார்லி.

நான் பார்க்கவில்லை. தொட்டி நிழலில் தூங்கிக்கொண்டிருந்தேன். மாலை லாரியில்தான் சொன்னாள்.

"எழுவத்து மூணு எழுந்திருச்சு."

"கறுப்பா?"

"கறுப்புதான். மீசையும் கறுப்பு."

"நாளைக்குப் பாக்கறேன்" என்றேன். மறுநாள் மறந்துபோனேன்.

வியாழக்கிழமை ஆடு புகுந்தது. சுற்றுவட்டாரத்துப் பார்லியெல்லாம் காய்ந்து பொன்னாகிவிட்ட நேரம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் பச்சையாக இருந்தது எங்கள் நூறு வரிசை மட்டும்தான். நூற்றைம்பது ஆடுகளுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. மேய்ப்பன் கழுதை மேல் தூங்கிவிட்டான். நாங்கள் கல்லெறிந்து விரட்டுவதற்குள், எழுபதிலிருந்து எழுபத்தெட்டு வரை மொட்டை. எழுபத்து மூன்றில் நாலு விரல் உயரத்துக்குக் கட்டை நின்றது. குச்சியில் பச்சை நூல் ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை இஞ்சினியர் கை நிறைய இனிப்போடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு குச்சி குச்சியாக வந்தவர் எழுபத்து மூன்றில் நின்றார்.

"அக்கா, இத யாரு கட்டினது?"

"நான்தான் உஸ்தாத்."

"இது கறுப்பு. குளிரே படல. எப்படிக் கதிர் தள்ளும்?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. தள்ளுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "உங்க நாத்தனார் கை வைக்கலையே?"

"நான் வைக்கல" என்றேன். இரண்டு வாரத்துக்கு முன்பு மஞ்சள் கட்டியவளின் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

அண்ணி நூலைத் தொட்டுக் காட்டினாள். "இது என் முடிச்சு. கூடாரக் கயித்துக்குப் போடுறது. இவளுக்கு இது வராது."

"முடிச்ச நோட்டுல எழுத முடியாதுக்கா. நாளைக்கு இத யாராவது கேட்டா, ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லவா?"

"ஆடு தின்னதும் நெசந்தானே உஸ்தாத்."

அவர் கெட்டவர் இல்லை. டாக்டர் லமீஸுக்குத் தொலைபேசியில் சொன்னார். டாக்டர் யோசித்துவிட்டு, தேதிக்குப் பதில் கேள்விக்குறி போடச் சொன்னார். நிரந்தர வேலைக்குப் பெயர் அனுப்புவதையும் நிறுத்தி வைத்தார். ஒரு வரிசை சந்தேகம் என்றால் மற்றத் தொண்ணூற்றொன்பதையும் மேலே இருப்பவர்கள் சந்தேகப்படுவார்கள் என்றாராம்.

அன்று இரவு உணவுக்கு அண்ணி ரொட்டி சுட்டாள், தயிர் எடுத்து வைத்தாள், எனக்குப் பிடித்த கருகல் ஓரத்தை எப்போதும்போல என் பக்கம் தள்ளினாள்.

"நீ நம்புறியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"நம்புறேன்" என்றேன். பாதி பொய். தூங்காமல் இருந்திருந்தால் முழுசாகச் சொல்லியிருப்பேன்.

மறுநாளிலிருந்து நூல் பையை என்னிடம் தரவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு அவளே சுமந்தாள். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். பையைத் தராத ஒருத்தியிடம் என்ன பேசுவது?

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. பச்சையில் மேய்ந்த பார்லி தண்ணீர் இருந்தால் திரும்பத் துளிர்க்கும். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கு ஒரு தரம் விட்டுவிட்டுப் பிறகு கதிரையும் அறுப்பவர்கள் உண்டு. எழுபத்து மூன்று துளிர்த்து வந்து திரும்பவும் கதிர் விட்டால்? மாலையில் லாரி வருவதற்குள், நெய் டின்னில் தொட்டித் தண்ணீரை மொண்டு போய் ஊற்றினேன். தொட்டிக்கும் வரிசைக்கும் இருநூறு எட்டு. டின்னில் ஓட்டை. போய்ச் சேரும்போது பாதி என் காலில் இருக்கும்.

மூன்றாம் நாள் அண்ணி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பண்றே?"

"கால் கழுவறேன்."

அவள் ஈர மண்ணைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இருந்த வரிசைகளைப் பார்த்தாள்.

"இதுக்கு மட்டும் ஊத்தினா, தண்ணியால வந்துச்சும்பாங்க. ரெண்டு பக்கத்து வரிசைக்கும் ஊத்து. அதுவும் கறுப்புதான். அதே அளவு."

"மூணு வரிசையா? எனக்கு ரெண்டு கைதான் இருக்கு அண்ணி."

"நாக்குக்குக் கொஞ்சம் ஓய்வு குடு, கையில பலம் சேரும்" என்று சொல்லிவிட்டு, ஓட்டை டின்னை வாங்கி, தன் துப்பட்டா ஓரத்தைக் கிழித்து அடைத்துக் கொடுத்தாள்.

எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் தினம் இரண்டு டின். ஜூன் வெயிலில் மூன்றும் துளிர்த்தன. எழுபத்திரண்டும் எழுபத்து நான்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக இலை விட்டுப் படுத்துக்கொண்டன. எழுபத்து மூன்று மட்டும் நிமிர்ந்தது. ஒல்லியாக, பசியில் வளர்ந்த பிள்ளை போலத்தான், ஆனால் நிமிர்ந்தது. கழுத்து வீங்கியது. ஒரு புதன்கிழமை காலையில் குனிந்து பார்த்தேன். மயிரிழை போலக் கறுப்பாக ஒன்று வெளியே நின்றது. நான் எழுந்துபோய் மணி எதுவும் அடிக்கவில்லை. தொட்டி ஓரம் உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் தூசி.

அடுத்த வாரம் டாக்டர் லமீஸ் வந்தபோது பதினொரு செடிகள் கதிரோடு நின்றன. இஞ்சினியர் மண்டியிட்டார். கதிரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார்.

"கோந்து போட்டு ஒட்டியிருப்பேன்னு பாக்கறீங்களா உஸ்தாத்?" என்றேன்.

"உன் விஷயத்துல எதையும் இழுத்துப் பாக்காம நம்பறதில்ல" என்றார். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்தார். கதிர், தண்டுக்குள்ளிருந்து முறையாக வளர்ந்து வந்த கதிர். இருபக்கமும் பார்த்தார். அதே ஈரம், அதே மண், புல்லாகக் கிடந்த இரண்டு வரிசை.

"பக்கத்து ரெண்டுக்கும் யாரு ஊத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் அண்ணியைக் காட்டினேன். அண்ணி தரையைப் பார்த்தாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டி விதை வந்த ஊரைத் தேடினார். "எழுபத்து மூணு... உம்மு ஹுஜைரா. எங்க இருக்கு இது?"

அண்ணி சிரித்துவிட்டாள். வயலில் வேலை நேரத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அந்த ஊரா? அவங்க கல்யாணத்துக்கு வந்தாக்கூடப் பாத்திரம் கழுவி முடிச்சப்புறந்தான் வருவாங்க டாக்டரம்மா. பதினோரு ஊருக்கு ஒரே டிராக்டர். மேல இருந்து ஒவ்வொரு ஊரா உழுதுக்கிட்டே வருவான். மழை லேட்டா வந்த வருஷம், அவங்ககிட்டப் போய்ச் சேரும்போது மார்ச் ஆயிடும். அப்ப விதைச்சா குளிருக்கு எங்க போறது? குளிருக்குக் காத்துக் கிடந்ததெல்லாம் புல்லா நின்னு ஆட்டுக்குப் போயிருக்கும். காத்திருக்காத ஒண்ணு ரெண்டு கதிர் விட்டிருக்கும். அதத்தானே அறுத்து அடுத்த வருஷத்துக்கு விதையா வச்சிருப்பாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "எத்தன வருஷமா டிராக்டர் லேட்டு?"

"எங்க மாமனார் சின்னப் பையனா இருக்கும்போதே லேட்டாம். அதுக்கு முன்னால கோவேறு கழுதை லேட்டு."

இஞ்சினியர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "பூட்டே உடைஞ்சிருக்குமா டாக்டர்? இல்ல, கடலோரத்து விதை எதுவும் கலந்திருக்குமா?"

"விதையை நகரத்துக்கு எடுத்துட்டுப் போய் உள்ள பாத்தாத்தான் தெரியும். பூட்டில ஒரு துண்டு விழுந்துபோயிருந்தாலும் ஆச்சரியமில்ல. எதுவா இருந்தாலும் இது எழுந்திருக்கு. மொதல்ல அந்தக் கேள்விக்குறிய அழிங்க."

"எந்தத் தேதி போடறது? புதுசா வந்த தேதியா?"

"அவங்க கட்டின தேதி."

இஞ்சினியர் குச்சியில் வெளுத்துப்போன பச்சை நூலைக் கையில் எடுத்தார். முடிச்சை விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு. நாள் கணக்குப் போட்டு மே இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமையை எழுதினார். அந்த வரியில் அடித்தல் திருத்தல் இல்லை. பிறகு அண்ணியைப் பார்க்காமல், பார்லியைப் பார்த்து, "தப்பு என்னோடதுக்கா" என்றார்.

"ஆட்டோடது உஸ்தாத்" என்றாள் அண்ணி. தப்பு என்னுடையது என்பதை அவள் சொல்லவில்லை. நானும் இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நிரந்தர வேலைக்கான ஆணை செப்டம்பரில் தபாலில் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உறையைக் கிழித்ததும் என் மனதுக்குள் ஒரு குட்டிச்சாத்தான் எழுந்து உட்கார்ந்தான்: 'வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால்' என்று ஆரம்பிக்கலாம், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் வைத்திருந்து பிறகு சொல்லலாம். அண்ணி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எதிரே நின்றாள். அந்த விரல் முட்டிகளைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து அடியில் இருந்த முத்திரை வரை, உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"இன்னொரு தரம் படி" என்றாள்.

படித்தேன்.

மறுநாள் அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துப்போய் இஞ்சினியரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நான் படித்ததும் அவர் படித்ததும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் மாலையில் வந்தவள் நூல் பையை அவிழ்த்து, என் படுக்கைக்கு மேலே இருக்கிற ஆணியில் மாட்டினாள்.

"அடுத்த மார்ச்சுக்கு நூல் பிரிக்கணும்" என்றாள். "பச்சை தீர்ந்துபோச்சு. அந்த ஸ்வெட்டரோட கை ரெண்டும் எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"